நீதிபதி பால் அப்படிச் சொல்லவே இல்லை

நேற்றைய பஞ்சாயத்து இதுதான். "ஜப்பான் நிரபராதி என்று முழங்கிய தமிழர்களின் நண்பர்" என்று இந்திய நீதிபதி ராதாபினோத் பால் படத்தைப் போட்டிருந்தார் ஒரு நண்பர். "தீர்ப்பைப் படித்தீர்களா?" என்று ஒரு வரிதான் கேட்டேன். உடனே நான் வெள்ளைக்காரனுக்கு வால் பிடிப்பவளாகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் தலைவர்களை வென்ற நாடுகள் விசாரித்த டோக்கியோ வழக்கு அது. 1948 தீர்ப்பில் 25 பேரும் குற்றவாளிகள், 7 பேருக்குத் தூக்கு. பதினோரு நீதிபதிகளில் எல்லோரையும் விடுவிக்கச் சொன்னவர் பால் ஒருவர்தான். உண்மை. போர் நடந்து முடிந்த பிறகு சட்டம் எழுதித் தண்டிக்கக் கூடாது என்றார். ஆனால் ஜப்பான் படை செய்த கொடுமைகளுக்கு ஏராளமான சாட்சியம் உண்டு என்றும் தன் மாறுபட்ட தீர்ப்பிலேயே எழுதினார். கூண்டில் நின்றவர்களை விடுவிப்பது வேறு. கொடுமையே நடக்கவில்லை என்பது வேறு. எத்தனை தடவைதான் சொல்வது?

"வென்றவன் நீதிதானே?" ஆமாம். ஹிரோஷிமாவுக்கு யாரும் கூண்டில் ஏறவில்லை, ஜப்பான் சக்கரவர்த்தியை யாரும் தொடவில்லை. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? அதற்காக, ஜப்பான் படை கைதிகளையும் கூலிகளையும் வதைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை பொய்யாகிவிடுமா?

என் பாட்டியின் அண்ணனை மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் அந்த வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனான். மூன்று மாத வேலை என்றார்களாம். 415 கிலோமீட்டர் பாதை அது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. போய்ப் பார்த்திருக்கிறேன். நம் தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்த வரிசையில் அவர்கள் யாரும் இல்லை. பாட்டி சாகும்வரை மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. 'ஜப்பான்காரன் காலத்துச் சோறு' என்பாள்.

"நேதாஜிக்கு எதிரா?" என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானோடு கைகோத்த நேதாஜியின் படையான ஐ.என்.ஏ.-வில் எங்கள் குடும்பத்து ஆளும் உண்டு. பாட்டி இரண்டு பேருக்காகவும்தான் அழுதாள்.

தூக்கு நடந்தது 1948 டிசம்பர் 23. மறுநாளே சுகாமோ சிறையிலிருந்து வெளியே வந்தார் கிஷி. போர்க்கால அமைச்சர், விசாரணையே இல்லை. 1957-ல் பிரதமர். தூக்கிலிடப்பட்ட போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட அந்த வழக்கில் கூண்டில் நின்ற 14 பேரை 1978-ல் போரில் இறந்தவர்களை வணங்கும் யாசுகுனி கோயிலில் சேர்த்தார்கள். பாலுக்கும் 2005-ல் அங்கேயே நினைவுக்கல். கொடுமைக்குச் சாட்சியம் உண்டு என்று எழுதியவருக்கு எங்கே இடம் பாருங்கள்.

அந்தப் படத்தை இதுவரை ஆயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். எங்கள் குடும்பக் குழுவிலும் காலையில் வந்தது. அனுப்பியது என் சொந்தச் சித்தப்பா, அந்தப் பாட்டியின் மகன்.