அது காகிதத்துக்கான கைது

பிரிட்டன் மன்னர் சார்லஸின் தம்பி ஆண்ட்ரூ கைதான வியாழக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இனி முடியவில்லை. எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று என் நட்பு வட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். "மன்னரின் தம்பியே ஆனாலும் சட்டத்தின் முன் சமம், இதுதான் பிரிட்டன்" என்று நம் அண்ணன் ஒருவர் போட்டது. அதற்குக் கீழே குவிந்த கைதட்டல்கள். அந்தக் கைதட்டல்களுக்கு நடுவே ஒருவர் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரி. அந்த வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் கைதட்டியவர்களிடம் பேச வேண்டும்.

ஆண்ட்ரூ எதற்காகக் கைதானார் என்று உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? 2026 பிப்ரவரி 19 காலை, அவருடைய 66-ஆவது பிறந்தநாளன்று, சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில் இருக்கும் வீட்டுக்கே போய் தேம்ஸ் வேலி காவல்துறை அவரைக் கைது செய்தது. பொதுப்பதவியில் முறைகேடு செய்தார் என்ற சந்தேகத்தின் பேரில். அவர் 2001 முதல் 2011 வரை பிரிட்டனின் வர்த்தகத் தூதராக இருந்தவர். அந்தக் காலத்தில், 2010-இல், வியட்நாம், சிங்கப்பூர், ஹாங்காங் என்று போய்வந்த அரசுப் பயணங்களின் அறிக்கைகளை அமெரிக்கப் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்கு அனுப்பிவைத்ததாகக் காட்டும் மின்னஞ்சல்கள், அமெரிக்க நீதித்துறை ஜனவரி இறுதியில் வெளியிட்ட கோப்புகளில் இருந்தன. விவகாரம் இதுதான். அறிக்கைகள். காகிதம்.

எப்ஸ்டீனிடம் சிக்கிய பெண்களுக்கு நடந்ததற்காக ஆண்ட்ரூவை யாரும் கைது செய்யவில்லை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். அலுத்துப்போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

"அப்படியானால் கைது செய்ததே தப்பு என்கிறாயா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. செய்யட்டும். அரசாங்க ரகசியத்தை ஒரு குற்றவாளிக்கு அனுப்பியிருந்தால் அது பெரிய குற்றம்தான், ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். அதுவும் எப்ஸ்டீன் 2008-இலேயே ஃபுளோரிடாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போய்வந்தவர். அது தெரிந்தும் 2010 டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அவரோடு உலாவிய படம் உலகமே பார்த்ததுதானே. அன்று மாலையே ஆண்ட்ரூவை விடுவித்துவிட்டார்கள், விசாரணை தொடர்கிறது, தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று அவர் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார். இதையும் எழுதிவிட்டேன். நடுநிலை போதுமா?

என் கேள்வி வேறு. இந்தக் கைதை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கையும் சேர்த்து முடித்துவிட்டீர்களே, அது எப்படி? எப்ஸ்டீன் தன்னை ஆண்ட்ரூவிடம் அனுப்பினார் என்று சொன்ன வர்ஜீனியா ஜுஃப்ரே லண்டன் காவல்துறையிடம் புகார் கொடுத்தது 2015-இல். முழு விசாரணை தேவையில்லை என்று 2016-இல் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் எடுத்துப் பார்த்தார்கள், மூடினார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி மூடினார்கள். வேறு நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பதினேழு வயதில் லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட பெண்ணின் புகார் அது. அவருடைய இடுப்பில் ஆண்ட்ரூ கை வைத்திருக்கும் புகைப்படம்கூட இருந்தது. அதற்கெல்லாம் காலையில் வீட்டு வாசலில் போய் நிற்காத சட்டம், மின்னஞ்சலுக்கு நின்றது. இதைப் பார்த்து நான் கைதட்ட வேண்டுமாம்.

அந்த மின்னஞ்சலையாவது பிரிட்டனின் சட்டம் தேடிக் கண்டுபிடித்ததா? அதுவும் கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றம் 2025 நவம்பரில் சட்டம் போட்டுக் கோப்புகளை வெளியே இழுத்தது. இங்கே பிரிட்டனில் முடியாட்சி வேண்டாம் என்று இயக்கம் நடத்துகிற ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். அந்த மனிதரை இதே ஊர்க்காரர்கள் வேலையற்றவர் என்று திட்டாத நாளில்லை. இப்போது பெருமை மட்டும் "பிரிட்டன் சட்டத்துக்கு". மன்னர் சார்லஸ், சட்டம் தன் வழியில் போகட்டும் என்று அறிக்கை விட்டாராம். அதை ஏதோ மனுநீதிச் சோழன் தேரை ஓட்டிவந்த மாதிரிப் பகிர்கிறார்கள். வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும் அவரால்?

சமம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் இங்கே ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். வெள்ளிக்கிழமை முடியாத வேலையை வீட்டில் முடித்துவிடலாம் என்று வாடகைதாரர் பட்டியல் ஒன்றைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டார். யாருக்கும் விற்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. திங்கட்கிழமை காலை அவருடைய அட்டை கதவைத் திறக்கவில்லை. பணியிடை நீக்கம், விசாரணை, எழுத்து மூலம் எச்சரிக்கை. திரும்பி வந்த பிறகு யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை, நொந்துபோய் வேலையை விட்டுவிட்டார். விதி விதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்மணிக்கு ஒரு வார இறுதியில் வந்த சட்டம் ஆண்ட்ரூவுக்குப் பதினைந்து ஆண்டு கழித்து வந்திருக்கிறது. அதுவும் மின்னஞ்சலைப் பெற்றவர் செத்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சமம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது எனக்குக் கடினமான ஒரு கேள்வி. அதை உள்பெட்டியில் கேட்டது என் நெருங்கிய தோழி. "வர்ஜீனியாவின் குடும்பமே மகிழ்ச்சி தெரிவித்துவிட்டது. சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். உனக்கென்ன?" உண்மைதான். உடைந்த மனத்துக்கு ஆறுதல் என்ற பொருளில்தான் அந்தக் குடும்பம் பேசியது. அவர்கள் மகிழட்டும். நூறு முறை மகிழட்டும். இத்தனை ஆண்டுகளில் அவர்களுக்கு வேறு என்ன கிடைத்தது? அவர்களுடைய மகிழ்ச்சியைக் கேள்வி கேட்க நான் யார்? ஆனால் அந்த மகிழ்ச்சி அவர்களுடையது. 2019-இலிருந்து இந்த விஷயத்தைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத நாம் அதைக் கடன் வாங்கிக்கொள்ள முடியாது. தோழி இதற்குப் பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

சிரித்தோம் என்றேனே, மறந்துவிட்டதா? 2019 நவம்பரில் ஆண்ட்ரூவின் பிபிசி பேட்டி வந்தது. வர்ஜீனியா சொல்லும் அந்த நாளில் வோக்கிங்கில் பீட்சா எக்ஸ்பிரஸ் கடைக்கு மகளோடு போயிருந்தேன் என்றார், ஃபாக்லாந்து போரின் பாதிப்பால் அந்தக் காலத்தில் எனக்கு வியர்க்கவே வியர்க்காது என்றார். உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. பீட்சாவைப் பற்றியும் வியர்வையைப் பற்றியும் எத்தனை மீம்கள்! அந்தச் சிரிப்பில் அந்தப் பெண் எங்கே போனார் என்று யாருக்காவது கவலை இருந்ததா? இப்போது அதே கதை. போலீஸ் நிலையத்திலிருந்து திரும்பும்போது காரின் பின் இருக்கையில் சரிந்து கிடக்கிறாரே, கண் சிவந்து, அந்தப் படம். வியாழன் இரவு என் கைப்பேசிக்கு அது வராத வாட்ஸ்அப் குழுவே இல்லை. ஒன்றில் அவருக்கு வடிவேலு வசனம். ஒரு மனிதர் அவமானப்படுவதைப் பார்க்க நமக்கு இருக்கிற ருசி, ஒரு பெண் சொல்வதைக் கேட்பதில் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. மதுரையிலிருந்து என் சித்தி: "பிறந்தநாள் அன்றைக்கா பிடித்துக்கொண்டு போவார்கள், பாவம்." சித்திக்கு டயானா செத்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் நம் குடும்பம். எலிசபெத் மகாராணி போனபோது விளக்கேற்றினார். சித்தியிடம் நான் சண்டை போடவில்லை. பட்டம் எல்லாம் போய் இப்போது வெறும் ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் வின்ட்சர்தான் என்று சொன்னேன். "ஐயோ" என்றார். அரியணை வரிசையில் இன்னும் எட்டாவது இடத்தில் இருக்கிறார் சித்தி, கவலைப்படாதீர்கள் என்றேன். கிண்டல் அவருக்குப் புரியவில்லை.

"வெள்ளைக்கார அரச குடும்பத்தைப் பற்றி உனக்கென்ன" என்பவர்களுக்குப் பதில் இல்லை. நான் இங்கே வரி கட்டுகிறேன்.

சரி, அந்த ஒரு வரி. "பணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தவள்தானே."

இதை எழுதியவர் படித்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை. அதற்கு முப்பதுக்கு மேல் விருப்பக்குறிகள். போட்டவர்களில் எனக்குத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்க சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது உண்மை. தொகையைச் சொல்லவில்லை, ஆண்ட்ரூ குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. சிவில் வழக்கில் பணம்தானே தீர்வு? குற்ற வழக்குப் போட வேண்டிய போலீஸ் கதவை மூடிக்கொண்ட பிறகு, அவர் வேறு எந்த வாசலுக்குப் போயிருக்க வேண்டும்? பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடினாரா? இல்லையே. தன் கதையைப் புத்தகமாக எழுதிவைத்துவிட்டுப் போனார். 2025 ஏப்ரலில், 41 வயதில், ஆஸ்திரேலியாவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது, மாதம் முடிவதற்குள் இளவரசர் பட்டம் பறிக்கப்பட்டது. மன்னர் பறித்தார் என்று எழுதுகிறீர்கள். பறித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான், ஒரே தெரு. டியூஷன் வாத்தியார் ஒருவர் மீது அவள் வீட்டில் சொன்னாள். போலீசுக்குப் போகவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், வாத்தியார் ஒரு தொகை கொடுத்தார், ஊரை விட்டுப் போகவில்லை, டியூஷன் தொடர்ந்தது. அந்தப் பணத்தை வாங்கியது அவளுடைய அப்பா. அவள் கையில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. ஆனால் "பணம் வாங்கினவள்" என்ற பெயர் அவளுக்குத்தான் வந்தது. கல்லூரிக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்குப் பேசிய வரன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே போனது. எங்கள் வீட்டிலிருந்தும் போனார்கள். நான் போக மாட்டேன் என்று அழுது அடி வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று எழுத வைத்துவிட்டீர்கள்.

"இரண்டும் எப்படி ஒன்றாகும்? அது அரண்மனை, இது தெரு" என்று வருவீர்கள். வாருங்கள். அந்த வாத்தியார் பின்னாளில் சீட்டுப்பணத்தில் கை வைத்துத்தான் போலீஸில் மாட்டினார். அன்றைக்கு ஊர் முழுக்கச் சொன்னார்கள், கடவுள் இருக்கிறான் என்று. அவளுக்கு அதில் என்ன இருந்தது? அவள் சொன்னதைப் பற்றி அன்றும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டுக்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வர்த்தக அறிக்கைக்காகக் கைது செய்தார்கள், செய்யட்டும், நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அந்த 2015 புகாரை எடுத்து, எடுத்தவர் யார், மூடியவர் யார், ஏன் என்று விசாரிக்கிற நாள் வந்தால் சொல்லுங்கள், நானும் பகிர்கிறேன். அதுவரை இந்தச் சமத்துவப் பாராட்டு விழாவுக்கு என்னை டேக் செய்யாதீர்கள்.

அந்த வரிக்கு விருப்பக்குறி போட்ட ஒன்பது பேரை நட்பிலிருந்து நீக்கிவிட்டேன். இரண்டு பேர் உறவினர்கள். அம்மாவுக்கு இன்று இரவே போன் போகும், தெரியும். "பணம் வாங்கினாள்" என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுதினால் பதில் சொல்ல மாட்டேன், நேராக நீக்கிவிடுவேன். மற்ற எதைப் பற்றியும் விவாதிக்கலாம், நாளை மாலை வேலை முடிந்து வந்த பிறகு.