ஆறாவது இடத்தில் லவ்வர்ஸ்

ரம்யா: அக்கா, டாரோ சீட்டு விரிச்சுக் குறி பார்த்தேன். ஆறாவது இடத்துல லவ்வர்ஸ் கார்டு வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை.

சுமதி: சந்தோஷத்துல தூக்கம் வராதுதான். யாருடி அவரு?

ரம்யா: சந்தோஷமா? நினைச்சாலே உடம்பு கூசுது. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறவரு.

சுமதி: சரி... வயசெல்லாம் அவங்கவங்க இஷ்டம்.

ரம்யா: பேரன் ஸ்கூலுக்குப் போறான்.

சுமதி: யாரோட பேரன்?

ரம்யா: அவரோட பேரன்தான். பின்ன எனக்கா பேரன் இருப்பான்?

சுமதி: அடியே, உங்க அம்மாவுக்குத் தெரியுமா?

ரம்யா: அம்மாதான்க்கா தூண்டிவிட்டாங்க. மூணு வருஷமா இழுத்தடிக்கிறாரு, இந்தத் தடவை விடாதே, கறாரா கேட்டுடுன்னு.

சுமதி: உங்க அம்மாவா? எதைக் கேட்கச் சொன்னாங்க?

ரம்யா: இன்க்ரிமென்ட்டை.

(சுமதி மூச்சு விடுகிறார்.)

சுமதி: மேனேஜரா! அதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எந்த ஸ்ப்ரெட் போட்டே, கார்டை எப்படி அடுக்கினே?

ரம்யா: ‘அவர் மனதில் நான்.’ 21 கார்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேரு.

சுமதி: அது காதலிக்கிறவங்க போடற ஸ்ப்ரெட்.

ரம்யா: பேருல அப்படி எதுவும் இல்லையே. நான் அவர் மனசுல இருக்கேனான்னுதானே எனக்கும் தெரியணும்? அதோட, கிடைச்சதுலயே அதுதான் பெருசு. பிரச்சினை பெருசுன்னா ஸ்ப்ரெட்டும் பெருசா இருக்க வேண்டாமா?

சுமதி: ஆறாவது இடத்துக்கு என்ன பேரு?

ரம்யா: ‘அவருடைய ரகசிய ஆசை.’

சுமதி: அங்க எந்தக் கார்டு விழுந்தாலும் ஆசையாத்தான் படிக்க முடியும். நாணயப் படம் போட்ட பென்டகிள்ஸ் எட்டு விழுந்திருந்தா? ஒருத்தன் பட்டறையில குனிஞ்சு உட்கார்ந்து வேலை பார்த்துட்டே இருப்பானே, அந்தக் கார்டு. உன்னை ராத்திரி வரைக்கும் உட்கார வச்சு வேலை வாங்கறதுதான் அவரோட ரகசிய ஆசைன்னு படிச்சிருப்பே.

ரம்யா: அது உண்மைதானேக்கா.

சுமதி: அர்த்தத்துல பாதிதான் கார்டுல இருக்கு, மீதி இடத்தோட பேருல. இதே லவ்வர்ஸ் ‘எடுக்கவேண்டிய முடிவு’ங்கற இடத்துல விழுந்திருந்தா நிம்மதியா தூங்கியிருப்பே. மார்செய்ங்கற பழைய டாரோ கட்டுல அந்தக் கார்டைப் பார்த்திருக்கியா? ஒருத்தன் ரெண்டு பெண்களுக்கு நடுவுல நிப்பான், மேல மன்மதன் அம்பைக் குறி வச்சிருப்பான். தேர்ந்தெடுக்கறதுங்கற அர்த்தம் அதுல அப்படியே தெரியும். 1909-ல வந்த ரைடர் கட்டுக்குப் பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சப்போதான் ஓர் ஆண், ஒரு பெண், மேல ஒரு தேவதைன்னு படம் மாறுச்சு.

ரம்யா: அப்போ மேனேஜர் ரெண்டு பேருக்கு நடுவுல நிக்கிறாரா? எனக்கு அப்பவே தெரியும்க்கா. ஜன்னலோர சீட்டுக்காரி!

சுமதி: நான் கார்டைச் சொன்னேன்.

ரம்யா: நானும் கார்டை வச்சுத்தான் சொல்றேன்.

சுமதி: மத்த இடங்களைப் படி.

ரம்யா: நாலு, ‘அவர் நினைப்பது’. அஞ்சு, ‘அவர் உணர்வது’. ஒன்பது, ‘அவர் சொல்லாமல் வைத்திருப்பது’. பதினாலு, ‘அவர் உள்ளத்தின் ஆழத்தில்’.

சுமதி: ஒரே கேள்வி, நாலு சட்டை மாட்டிக்கிட்டு வருது. இந்த நாலுலயும் என்ன வந்துச்சு?

ரம்யா: கப்ஸ் பத்து, ஸ்வார்ட்ஸ் மூணு, ஹேங்டு மேன், கப்ஸ் அஞ்சு. குடும்பத்தோட சந்தோஷமா இருக்காரு, இதயத்துல மூணு கத்தி இறங்கியிருக்கு, தலைகீழாத் தொங்கறாரு, அழறாரு. அவருக்கு உடம்புக்கு ஏதாவதான்னு பயந்து லீவு போட்டேன்.

சுமதி: அவருக்கு உடம்பு சரியில்லைன்னா நீ ஏன் லீவு போட்டே? சரி விடு. இடங்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா இப்படித்தான். நாலும் நாலு திசையில இழுக்கும், எதை நம்பறதுன்னு தெரியாது, கடைசியில பிடிச்ச கார்டைப் பிடிச்சுக்குவோம். அதுசரி, 21 கார்டை எங்க விரிச்சே? கார்டு ஒண்ணு 7-க்கு 12 சென்டிமீட்டர். செல்டிக் கிராஸ்ங்கற ஸ்ப்ரெட் வெறும் 10 கார்டு. அதுக்கே வலது பக்க வரிசையில நாலு கார்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணா வைக்கணும். இடைவெளியோட அரை மீட்டரைத் தொட்டுடும்.

ரம்யா: மேஜை பத்தலைக்கா. ‘எதிர்காலம்’ வரிசை முழுசும் ஃப்ரிட்ஜ் மேல வச்சேன்.

சுமதி: கெட்டுப்போகாம இருக்கட்டும்னா?

ரம்யா: கிண்டல் பண்ணாதீங்க. அதுலதான் டவர் வந்துச்சு, இடி விழுந்த கோபுரம். ‘இறுதி முடிவு’ இடத்துல டவர்! எனக்குன்னு பார்த்து வருது பாருங்க.

சுமதி: உனக்குன்னு இல்லை, கணக்குக்குன்னு. முழுக்கட்டு 78-ல 21 எடுத்தா டவர் வர்றதுக்கே நாலுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு. டவர், டெத், டெவில் மூணுல ஒண்ணாவது எட்டிப் பார்க்க 100-க்கு 61. மூணே மூணு கார்டு எடுத்தா அது 100-க்கு 11. பெரிய ஸ்ப்ரெட்டை விரிச்சுட்டு எல்லாம் கெட்டதா வருதேன்னு அழறவங்க, எத்தனை கார்டை வெளிய எடுத்தோம்னு எண்ணிப் பார்க்கறதே இல்லை. சரி, டவர் வந்ததும் என்ன பண்ணே?

ரம்யா: அந்த இடத்தோட பேரை ‘கடந்த காலம்’னு மாத்திட்டேன்.

சுமதி: கார்டு விழுந்த அப்புறமா?

ரம்யா: அதைப் பார்த்தாதானேக்கா மாத்தணும்னு தோணும்?

சுமதி: அப்புறம்?

ரம்யா: தெளிவுக்காக கூடுதலா ஒரு கார்டு, கிளாரிஃபையர், எடுத்தேன்.

சுமதி: ஒண்ணே ஒண்ணா?

ரம்யா: சன் கார்டு வர்ற வரைக்கும்.

சுமதி: எத்தனாவதுல வந்துச்சு?

ரம்யா: பதினேழாவதுல.

சுமதி: 21-ம் 17-ம் 38. இன்னும் ரெண்டு எடுத்திருந்தா மேஜையில இருக்கறதை விட்டுட்டுக் கையில மிச்சம் இருக்கறதைப் படிக்கறது சுலபமா இருந்திருக்கும். கிளாரிஃபையர்னா ஒரு இடத்துக்கு ஒண்ணு. அதையும் எடுக்கறதுக்கு முன்னாடி, இது எதைத் தெளிவுபடுத்தணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டு எடுக்கணும். ‘இந்தக் கார்டு எனக்குப் பிடிக்கலை’ங்கறது கேள்வியே கிடையாது.

ரம்யா: மறுபடியும் முதல்லேர்ந்து விரிச்சேன்க்கா. மறுபடியும் டவர்!

சுமதி: எத்தனை தடவை கலைச்சே?

ரம்யா: ரெண்டு.

சுமதி: பழைய வரிசை அப்படியே உட்கார்ந்திருக்கும். 52 சீட்டுக்கட்டுக்கே, ரெண்டாப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரசரன்னு விடற ரிஃபிள் முறையில ஏழு தடவை கலைக்கணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. இது 78. ரிஃபிள் வராதுன்னா கட்டை மேஜையில கொட்டி ரெண்டு கையாலயும் நல்லா துழாவு.

ரம்யா: மூணாவது தடவை டவர் வரலை. நேரம் மாறிடுச்சுன்னு நினைக்கிறேன்.

சுமதி: ம்ம். ஒரு பேப்பரை எடு. உன் கேள்வியை ஒரே வாக்கியத்துல எழுது.

ரம்யா: (எழுதியபடி) ‘எனக்கு இன்க்ரிமென்ட் கிடைக்குமா, அவருக்கு என் மேல கோபமா, வேற வேலை தேடலாமா, பொதுவா எப்படி இருக்கும்.’

சுமதி: இதுல மூணு கேள்வி இருக்கு. நாலாவது கேள்வியே இல்லை, கொட்டாவி. அடிச்சுடு. ‘கிடைக்குமா’வையும் மாத்து. ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியை எத்தனை இடமா பிரிச்சாலும் கார்டு வழவழன்னுதான் பேசும். ‘கிடைக்க நான் என்ன செய்யணும்’னு எழுது.

ரம்யா: நான் செய்யணுமா? அவர்தானேக்கா கொடுக்கணும்?

சுமதி: எழுதுடி. இனிமே புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்ச மூணு கார்டு ஸ்ப்ரெட்டையே உனக்கேத்த மாதிரி மாத்திக்கலாம். கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். முதல்ல கடந்தகாலத்தைத் தூக்கு.

ரம்யா: ஏன்?

சுமதி: மூணு வருஷமா கொடுக்கலை. உனக்கே தெரிஞ்சதுக்கு ஒரு கார்டு தண்டம். அந்த இடத்துக்கு ‘என் கையில என்ன இருக்கு’ன்னு பேர் வை. நிகழ்காலத்துக்குப் பதிலா ‘எது குறுக்கே நிக்குது’. எதிர்காலத்துக்குப் பதிலா ‘பேச்சை எப்படித் தொடங்கறது’.

ரம்யா: எதிர்காலமே இல்லாத ஸ்ப்ரெட்டா? ‘அவர் என்ன நினைக்கிறார்’ கூட இல்லையே?

சுமதி: அவரைக் கேட்டியா?

ரம்யா: யாரை?

சுமதி: அவரைத்தான்.

ரம்யா: ஐயோ, கேட்டா பதில் சொல்லிடுவாரேக்கா!

சுமதி: மூணு வருஷத்துல ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டியா இல்லையா?

ரம்யா: கேட்கலாமான்னு தெரிஞ்சுக்க ஒரு ஸ்ப்ரெட் போட்டேன். ஏழு கார்டு, ஹார்ஸ்ஷூ.

சுமதி: என்ன சொல்லுச்சு?

ரம்யா: அது சரியா புரியலை. அதனாலதான் 21-க்குப் போனேன்.

சுமதி: உன் மேனேஜருக்குத் தெரியாமலேயே அவரோட உள்ளத்துல 38 கார்டை இறக்கியிருக்கே. இப்போ மூணு இடத்தையும் சோதிச்சுப் பார்ப்போம். புது இடம் எதை வச்சாலும், குலுக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல கார்டையும் ஒரு பொல்லாத கார்டையும் வேணும்னே அங்க வச்சுப் பார்க்கணும். ரெண்டும் அங்க பேசணும். பேசலைன்னா இடத்தோட பேரு சரியில்லைன்னு அர்த்தம். ‘எனக்குக் கிடைக்கப்போகும் நன்மை’ன்னு ஒரு இடம் வச்சு, அதுல ஸ்வார்ட்ஸ் பத்து விழுந்தா? முதுகுல பத்து கத்தி குத்தி ஒருத்தன் குப்புறக் கிடக்கான். அது என்ன நன்மை?

ரம்யா: மெடிக்கல் லீவு.

சுமதி: (ஒரு கணம் பேச்சில்லை) ‘எது குறுக்கே நிக்குது’ன்னு வச்சா, சன் விழுந்தாலும் படிக்கலாம். எல்லாம் நல்லபடியா இருக்குன்னு அவர் நினைச்சுட்டு இருக்காருன்னு. கார்டு தலைகீழா விழறதைத் தனியா படிக்கறதா வேண்டாமான்னும் இப்பவே முடிவு பண்ணு. விழுந்த அப்புறம் பண்ணாதே. நமக்கு வேண்டாம். முதல் ரெண்டு கார்டும் எதிரெதிரா, மூணாவது கீழ. ஒண்ணு மேல ஒண்ணா குறுக்கே போட்டுடாதே, படம் மறைஞ்சுடும். எடு.

ரம்யா: பென்டகிள்ஸ் மூணு. பென்டகிள்ஸ் நாலு... அக்கா! நாணயத்தை நெஞ்சோட இறுக்கிக் கட்டிப் பிடிச்சுட்டு ஒருத்தர்! மேனேஜர் அச்சு அசல்!

சுமதி: நீயாவும் இருக்கலாம். மூணு வருஷமா வாயை அதே மாதிரி இறுக்கி வச்சிருக்கே. முதல் கார்டைப் பாரு, சிற்பி வேலை செய்யறான், பக்கத்துல ரெண்டு பேர் வரைபடத்தோட நிக்கறாங்க. செஞ்ச வேலையைக் காட்டு, பட்டியல் போட்டு எடுத்துட்டுப் போன்னு படிக்கலாம். மூணாவது?

ரம்யா: ஹெர்மிட், துறவி. பார்த்தீங்களா, யார்கிட்டயும் பேசாம தனியா உட்காருன்னு சொல்லுது!

சுமதி: அந்த இடத்தோட பேரு என்ன?

ரம்யா: ‘பேச்சை எப்படித் தொடங்கறது’.

சுமதி: பேசாம இருக்கறது எப்படின்னா கேட்டோம்? அவர் தனியா இருக்கறப்போ, கூட்டம் இல்லாத நேரத்துல போய்க் கேளு.

ரம்யா: எந்தக் கிழமைன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு கார்டு...

சுமதி: கையை எடு. கட்டைக் கொடு, எண்ணி உள்ள வைக்கிறேன். (எண்ணுகிறார்) கையில 74, மேஜையில மூணு. 77. ஒண்ணு குறையுதே?

ரம்யா: குறையுமே.

சுமதி: மூணாவது தடவை டவர் ஏன் வரலைன்னு இப்போ புரியுது. எங்கடி அது?

ரம்யா: கண்ணுல பட வேண்டாம்னு ஆஃபீஸ் ஃபைல் ஒண்ணுல சொருகி வச்சேன். மாசாந்திர ரிப்போர்ட் ஃபைல்.

சுமதி: அந்த ஃபைல் எங்க?

ரம்யா: அது... நேத்து சாயங்காலமே கையெழுத்துக்குப் போயிடுச்சு.

சுமதி: யாரோட கையெழுத்துக்கு?

ரம்யா: (மெல்ல) அவரோட.

சுமதி: மின்னல் விழுந்து உச்சியில கிரீடம் கழண்டு, ஜன்னல்ல எல்லாம் நெருப்பு, ரெண்டு பேர் தலைகுப்புற விழற படம். ரிட்டயர் ஆகப்போற மனுஷன் ஃபைலைத் திறந்ததும் அது. சரி, இனிமே ‘அவர் என்ன நினைக்கிறார்’ங்கறதுக்கு உனக்கு ஒரு கார்டும் தேவைப்படாது.