என் மகளின் சொராரிட்டி வருடம்

கல்லூரியில் சொராரிட்டியில் சேரப்போகிறேன் என்று போன வருடம் செப்டம்பரில் மகள் போனில் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. நியூஜெர்சிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சொராரிட்டி என்றால் ஒரே மாதிரி உடுப்பு போட்ட பெண்கள், சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி, குடி, இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. இப்போது ஒரு முழு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். நான் நினைத்தது தப்பு. எங்கள் தமிழ்ப் பள்ளி அம்மாக்கள் குழுவில் இதே பயம் இப்போது ஓடிக்கொண்டிருப்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிற கிளைக்கு சாப்டர் என்று பெயர். பெரிய தூண் வைத்த வீடு, நூற்றுக்கணக்கில் உறுப்பினர்கள் என்பது ஒரு வகை. கறுப்பினப் பெண்கள் கட்டிய சொராரிட்டிகளின் கதையே வேறு. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் மேடைக்கு மேடை சொல்வாரே ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, அது 1908ல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம் சியாமளா கோபாலனின் மகளான கமலா அதே ஹோவர்டில் படிக்கும்போது 1986ல் அதில் சேர்ந்தார். அங்கேயே 1913 ஜனவரியில் 22 மாணவிகள் சேர்ந்து டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கூட வருவதை அந்த ஊர்வலத்திலேயே பலர் விரும்பவில்லை. அப்படியும் நடந்தார்கள். இதைப் படித்த அன்றுதான் என் கோபம் பாதி இறங்கியது.

தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டிகளும் இருக்கின்றன. 1998 என்ற ஒரே வருடத்தில் நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் காப்பா ஃபை காமா என்று மூன்று பிறந்தன. 1965ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு இங்கே வந்த டாக்டர்கள், இன்ஜினியர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன காலம் அது. மகள் சேர்ந்ததும் இந்த வகைதான். எது, எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. மொத்தம் பதினேழு பேர். சொந்த வீடெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மாணவர் மையத்தில் ஒரு அறை வாங்கிக் கூட்டம் போடுவார்கள்.

முதலில் மனசுக்குக் கஷ்டமானதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சில வாரம் பயிற்சி உண்டு. அதில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிவரை தூங்கவிடாமல் சங்க வரலாற்றை ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997ல். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நீ வந்துரு, வேண்டாம்" என்றேன். அவள் வரவில்லை. புதியவளுக்குத் துணையாக ஒரு சீனியரைக் கொடுப்பார்கள், 'பிக்' என்பார்கள். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னாள். அந்த சீனியர் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் கூடாது என்று ஓட்டெடுப்பில் நிறைவேற்றினாள். ஒரு அம்மா போய்ச் சண்டை போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் எல்லா சாப்டரிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் இந்த மாதிரிக் கொடுமையில் பிள்ளைகள் உயிரையே விட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, கல்லூரிகள் இப்படிப்பட்ட சம்பவங்களையும் எந்தச் சங்கம் மாட்டியது என்பதையும் வெளியிட வேண்டும். சேரும் முன்பு அதைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம் வருடம் ஓட ஆரம்பித்தது. அக்டோபர் குடும்ப வன்முறை விழிப்புணர்வு மாதம். ஊதா ரிப்பன் கட்டி, பெண்கள் காப்பகத்துக்கு சோப்பு, டயாபர், போர்வை என்று சேர்த்தார்கள். தீபாவளி இரவு. நவம்பரில் சங்கத் தேர்தல். மகள் பொருளாளர் ஆனாள்.

கிறிஸ்துமஸ் லீவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு பெயர், அதில் நாலு பேருக்கு நேராகச் சிவப்பு. தலைக்கு 280 டாலர் சந்தா. தலைமைச் சங்கத்துக்குப் போகிற பங்கு, காப்பீடு, கூட்ட அறை எல்லாம் போனால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. "கட்டாதவங்களை நிறுத்த வேண்டியதுதானே" என்றேன். "இல்லம்மா. ஒருத்தியோட அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. மாசம் 40ன்னு கட்டச் சொல்லியிருக்கேன். யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லாதீங்க" என்றாள். பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் அம்மாச்சி எட்டணா செலவழிக்கவும் தாத்தாவிடம் கேட்டு நிற்பார். கல்யாணம் ஆன புதிதில் நான்கூட வங்கிக் கணக்குப் பக்கம் போனதில்லை. பெண்கள் மட்டும் பணம் போட்டு, பெண்களே கணக்கு வைத்து, பெண்களே சண்டை போட்டு, ஓட்டுப் போட்டுத் தீர்க்கிற ஒரு இடத்தை என் இருபது வயதில் நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறேன்.

பிப்ரவரியில் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்குகிற மூலச் செல்) கொடையாளர் பதிவு முகாம். நானும் ஒரு பாத்திரம் லெமன் சாதத்தோடு போயிருந்தேன். ஒரு நீள மேசை. உட்காருகிற பிள்ளை படிவத்தை நிரப்பிவிட்டுப் பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கு உள்ளே வைத்துத் தேய்க்க வேண்டும். மகள் எதிரே நின்று போனில் பத்து நொடி எண்ணுவாள். உறையில் போட்டு ஒட்டினால் முடிந்தது. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஸ்டெம் செல் கொடுக்க எச்எல்ஏ என்கிற திசு வகை பொருந்த வேண்டும். அது பரம்பரையாக வருவது. கூடப்பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் முழுதாகப் பொருந்த வாய்ப்பு. வெளியாளைத் தேடினால் பெரும்பாலும் அதே வம்சாவளியில்தான் கிடைப்பார். என்எம்டிபி என்ற இங்கத்திய பதிவேட்டின் கணக்கில், வெள்ளையர்களுக்குப் பொருத்தம் கிடைக்க 79 சதவீத வாய்ப்பு என்றால் ஆசியர்களுக்கு 47 சதவீதம்தான். ஒரு காரணம், நம் ஆட்கள் பெயர் கொடுப்பது குறைவு. சென்னையில் தாத்ரி என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது, ஊரில் இருப்பவர்கள் அங்கே பதியலாம்.

அன்று ஒரு பையன் பயந்துபோய், "முதுகெலும்பில் ஊசி போடுவாங்களா?" என்று கேட்டான். மகள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்: முதுகெலும்பில் கிடையவே கிடையாது. பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுக்கிற மாதிரிதான் எடுப்பார்கள், அதற்கு முன்னால் சில நாள் ஊசி போடுவார்கள், உடம்பு வலிக்கும். வலிக்கும் என்பதை அவள் மறைக்கவில்லை. பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குச்சியைக் கையில் எடுத்தான். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது 63 உறைகள். என் மகள் ஒற்றைப் பிள்ளை. அவளுக்கு நாலில் ஒரு வாய்ப்புக்கூட வீட்டில் கிடையாது. அந்த உறைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

செலவைப் பற்றிக் கேட்கிறீர்கள். உண்மைதான், சந்தா, உடுப்பு, மே மாத விருந்து என்று வருடத்துக்கு ஆயிரம் டாலர் தாண்டியது. பெரிய வீடு வைத்திருக்கிற சொராரிட்டிகளில் இதைவிடப் பல மடங்கு ஆகும். முதல் செமஸ்டரில் மதிப்பெண்ணும் இறங்கியது. குறிப்பிட்ட ஜிபிஏவுக்கு (சராசரி மதிப்பெண்) கீழே போனால் பொறுப்பில் நீடிக்க முடியாது என்பது அவர்கள் விதி, அதனால் நான் சொல்லாமலே ஏற்றிக்கொண்டாள். பார்ட்டிக்கும் போனாள். அதையும் என்னிடம் சொன்னாள்.

அந்த ஸ்டெம் செல் பதிவு முகாமை நம் தமிழ்ப் பள்ளியிலும் போடலாமா என்று மகள் கேட்டாள். பள்ளியில் பேசிவிட்டேன், சரி என்றார்கள். செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் நூலக வாசலில் மேசை. 18 முதல் 35 வயதுக்குள் உங்கள் வீட்டில் யார் இருந்தாலும் கூட்டி வாருங்கள். பதினேழு பேரில் பாதிப் பேர் வருகிறார்கள். உங்கள் மகள்களோடு வந்து, பயமாக இருக்கிற கேள்வியை எல்லாம் அந்தப் பெண்களிடமே கேளுங்கள். லெமன் சாதம் நான் கொண்டு வருகிறேன்.