பரிசுப் பொட்டலமும் விற்பனைப் பொட்டலமும் ஒன்றல்ல

800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கப்பட்டதை, அமெரிக்காவுக்குப் பொட்டலம் அனுப்புவது பற்றிய உங்கள் கட்டுரை விளக்கியிருக்கிறது. ஆனால் இந்தியாவிலிருந்து அங்குள்ள பிள்ளைகளுக்குப் பலகாரமும் துணியும் அனுப்பும் பெற்றோரையும், சேலையோ வெள்ளி நகையோ இணையவழி விற்கும் சிறு வணிகரையும் அது ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பொருந்தவில்லை.

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் 100 டாலருக்கு மிகாத உண்மையான பரிசுக்கு வரிவிலக்கை நீக்கிய அமெரிக்க ஆணையிலேயே விலக்கு தொடர்ந்தது. எனினும் வரியை யார் வசூலித்து எப்படிச் செலுத்துவது என்பது தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்கத் தயங்க, இந்திய அஞ்சல் துறை சில வாரங்கள் அமெரிக்காவுக்கான சேவையையே நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அதன்பின் விற்பனைப் பொருளுக்கான அமெரிக்க வரி, பொட்டலத்தை அஞ்சலகத்தில் பதிவு செய்யும்போது இங்கேயே வாங்கப்பட்டது.

வரியை இப்படி முன்கூட்டியே செலுத்துவது வணிகர்களுக்கு ஒருவகையில் நன்மை என்றே கருதுகிறேன். பெறுபவர் வாசலில் எதிர்பாராத வரியைக் கண்டு பொட்டலத்தை மறுத்தால், திரும்பும் செலவு விற்றவர் தலையில்தானே விழும்?

விற்ற பொருளைப் பரிசு என்று எழுதித் தரச் சொல்லும் முகவர்களும் உண்டு (இலவச ஆலோசனைக்கு நம் ஊரில் என்றும் பஞ்சமில்லை). அது பொய்யான அறிவிப்பு. பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் விதிக்கப்படலாம். சுங்க அறிவிப்புப் படிவத்தில் "துணி" என்று மட்டும் எழுதாமல் பருத்தியா பட்டா, எத்தனை உருப்படி, எங்கே தயாரானது, உண்மையான விலை என்ன என்பதைக் குறிப்பிடுவதே பாதுகாப்பானது.