முதல் ஒரு மணி நேரத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை

எலக்ட்ரானிக் இசையில் பிழைப்பை அமைத்துக்கொள்ள நினைக்கும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். டிஜே ஆவதா, சொந்த இசையை மேடையில் வாசிக்கும் லைவ் கலைஞர் ஆவதா? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: திரும்பத் திரும்பப் போய் வாசிக்க உனக்கு ஓர் இடம் இருக்கிறதா?

ஒரே கருவி, இரண்டு ஊர், இரண்டு விதி. அதைச் சொன்னால் நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது புரியும். ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டது. தனியாகப் பயிற்சி செய்கிற கிட்டார்காரருக்குத் துணையாக அது பேஸ், அதாவது அடித்தள ஒலியை, வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. விற்பனை படுத்துவிட, 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இதற்கிடையில் 1982இல், இந்தித் திரையிசையில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அந்த 303ஐயும் டிஆர்-808 ட்ரம் மெஷினையும் ஜூப்பிடர்-8 சின்தசைசரையும் வைத்துக்கொண்டு, ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். இன்று கண்ணை மூடிக் கேட்டால், 303இன் நெளியும் ஒலியை மையமாகக் கொண்ட ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை என்றுதான் தோன்றும். அன்று அதைச் சீண்டுவார் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு, பழைய 303 ஒன்றின் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு நீண்ட ட்ராக்கை உருவாக்கியது. டேப்பில் பதிந்து, மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தது. முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆடுதளத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள் என்பார்கள். ஹார்டி விடவில்லை. அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். இரவு முடிவதற்குள் அதே கூட்டம் வெறி பிடித்து ஆடியது. 1987இல் அது இசைத்தட்டாக வந்தபோது ஆசிட் ஹவுஸ் என்ற புதிய இசை வகையே கிளம்பிவிட்டது.

சரண்ஜித் சிங்கிடம் திறமையில் என்ன குறை? எதுவுமே இல்லை. அவருக்கு ஒரு ரான் ஹார்டி வாய்க்கவில்லை. அதே ஆட்கள் வாரா வாரம் வந்து அந்த இசைக்குப் பழகும் ஓர் அறை வாய்க்கவில்லை. என் பார்வையில் வித்தியாசம் அது ஒன்றுதான். 2010இல் மறுபதிப்பு வந்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தார். 2015இல் காலமானார். நடுவில் போன அத்தனை வருடங்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

அதனால்தான் ரெசிடென்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். ஒரே இடத்தில், மாதம் ஒரு இரவோ வாரம் ஒரு இரவோ, தொடர்ந்து வாசிப்பது. ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் ரெசிடென்ட் டிஜேவாகச் சேர்ந்தார். தன் ஆடுதளத்துக்கு எந்தப் பகுதி நீள வேண்டும், எது சுருங்க வேண்டும் என்று பார்த்துப் பாடல்களை டேப்பில் வெட்டி ஒட்டினார். பின்னாளில் டிஆர்-909 ட்ரம் மெஷினையே மேசைக்குக் கொண்டுவந்து இசைத்தட்டுகளோடு சேர்த்து ஓட்டினார். இதை டிஜே செட் என்பீர்களா, லைவ் செட் என்பீர்களா? டெட்ராய்ட்டின் டிஜே ஜெஃப் மில்ஸும் இசைத்தட்டு ஓட்டும் டெக்குகளுக்குப் பக்கத்தில் 909ஐ வைத்துக்கொண்டு கையாலேயே வாசிப்பவர். இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பியது பின்னால் வந்த நாம்தான்.

சரி, ரெசிடென்ட்டாக யார் கூப்பிடுவார்கள்? பெரும்பாலும் முதலில் கிடைப்பது கதவு திறந்தவுடன் வரும் அந்த ஒரு மணி நேரம்தான். பாதி அறை காலியாக இருக்கும். இதை அவமானமாக நினைத்து, நள்ளிரவில் போட வேண்டிய ட்ராக்குகளை எட்டு மணிக்கே போட்டுத் தீர்ப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்தத் தொழிலின் நுணுக்கங்களில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும், ஆட்கள் பேசிக்கொள்ள முடிய வேண்டும். டெம்போவை 110, 115 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடிகள்) பக்கம் வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். சுவரோரம் நிற்பவரின் தலை எந்த பேஸ்லைனுக்கு அசைகிறது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். கடைசியில், அடுத்து வருபவர் ஏறிச் செல்வதற்கு இடம் விட்டுவிட்டு இறங்க வேண்டும். இதை நன்றாகச் செய்பவரை ஏற்பாட்டாளர்கள் மறக்கவே மாட்டார்கள்.

லைவ் செட்டுக்கும் இதே அறைதான் பட்டறை. வீட்டில் செய்த அரைகுறை ட்ராக்கை, வெளியீட்டுக்காக ஒலியைச் சீர்படுத்தி நன்றாக மாஸ்டர் செய்யப்பட்ட இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவில் வைத்துப் போட்டுப் பாருங்கள். கிக், அதாவது ட்ரம்மின் கனத்த அடி, மெலிந்திருந்தால் உடனே தெரியும். எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள, திரும்பத் திரும்ப வரும் லூப்பை முப்பத்திரண்டு பார் இழுத்தது அதிகமா குறைவா என்று கால்களே சொல்லிவிடும். அப்படித் தேறியவற்றைக் கொண்டு லைவ் செட்டைக் கட்டுங்கள். இன்று பலர் லைவ் செட்டுக்குப் பயன்படுத்தும் ஏபில்டன் லைவ் மென்பொருள் 2001இல் வந்ததற்குப் பின்னால் இருந்தவர்களே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

லைவ் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று. கருவிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்க லேப்டாப் அனுப்பும் மிடி க்ளாக் என்ற சிக்னலை நம்பியே எல்லாக் கருவிகளும் ஓடினால், லேப்டாப் உறைந்த நொடியில் மொத்த மேடையும் நின்றுவிடும். அந்தச் சிக்னலை அனுப்பும் மாஸ்டராக ட்ரம் மெஷினை வைத்தால் லேப்டாப் போனாலும் கிக் போய்க்கொண்டே இருக்கும், கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. சவுண்ட் செக்கில் காலி அறையைக் கேட்டு ஹையை (கீச்சான உயர் ஒலிகளை) ரொம்ப வெட்டிவிடாதீர்கள். ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ட்ராக்குகளின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தான் தப்பா சரியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. காதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பணம் பற்றி. மேடை வருமானம் ஏறி இறங்கும், அதனால் கற்பித்தல், ரீமிக்ஸ், விளம்பரத்துக்கும் விளையாட்டுகளுக்கும் ஒலியமைப்பு என்று பக்கத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்தில் ஒப்பந்தம், கையில் பாதி அட்வான்ஸ், இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள். சொந்த இசையை லைவாக வாசித்தால், அதை ராயல்டி வசூலித்துத் தரும் இசை உரிமைச் சங்கத்தில் பதிவு செய்து, வாசித்த பட்டியலையும் கொடுங்கள். இயற்றியவருக்குச் சேர வேண்டிய ராயல்டி அங்கே உங்களுக்குத்தான் சேர வேண்டும். டிஜேவாகப் போட்டாலும் பட்டியல் கொடுங்கள், அது இன்னொரு கலைஞரின் கூலி.

காதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். உலக சுகாதார அமைப்பு 2022இல் இசை நிகழ்ச்சி இடங்களுக்குச் சொன்ன உச்ச வரம்பும் சராசரியாக 100 டெசிபல்தான். மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் இரவெல்லாம் நிற்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் இருக்கிறது, அடுத்த சின்தசைசருக்கு முன் அதை வாங்குங்கள்.

அப்புறம், இடம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவரை வைப்பதா வேண்டாமா என்பதை ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முப்பது நொடி வீடியோவில் ஒரு டிராப், அதாவது தாளம் வெடித்து இறங்கும் அந்த ஒரு தருணம், தெரியும், நான்கு மணி நேரம் அறையைத் தாங்கும் பொறுமை தெரியாது. ஒரு புதியவரிடம் மாதம் ஒரு இரவு என்று ஒரு வருடம் கொடுங்கள். காலி அறைக்கு வாசிக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.