கோழிவலையை நம்பிக் கோழியை விடாதீர்கள்

புறக்கடையில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் "நேத்து ராத்திரி கீரி ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்பார்கள். நம் ஊர்க் கீரி பகலில் திரிகிற பிராணி. பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். நடுராத்திரியில் கோழி கத்தினால் அது பெரும்பாலும் மரநாயாக இருக்கும், இல்லாவிட்டால் பூனை. ஆளை மாற்றிப் பழி போட்டால் அடைக்கிற ஓட்டையும் மாறிப்போகிறது. கீரிக்குப் பயந்து கூண்டின் அடியெல்லாம் சிமெண்ட் பூசி வைப்பார்கள். மரநாயோ முருங்கைக் கிளை வழியாக வந்து கூரை ஓடுகளை நகர்த்திவிட்டு மேலேயிருந்து இறங்கும்.

அதனால் காசு செலவழிப்பதற்கு முன்னால் வந்தது யார் என்று பாருங்கள். நாலைந்து கோழி கடிபட்டுச் செத்து, எதையும் தின்னாமல் அங்கங்கே போட்டிருந்தால் தெருநாய். நாய்க்கு அது விளையாட்டு. தலையும் கழுத்தும் மட்டும் போய் உடல் கிடந்தால் மரநாயையோ பூனையையோ சந்தேகப்படலாம். கூண்டுக்குப் பக்கத்திலும் கூரை மேலும் பழக்கொட்டை கலந்த எச்சம் கிடந்தால் மரநாய்தான், சந்தேகமே வேண்டாம். பட்டப்பகலில், வேலியோரமாய் மேய்ந்த கோழி கழுத்தில் கடிபட்டால் கீரி. குஞ்சு சத்தமே இல்லாமல் குறைந்துகொண்டே வந்தால் காகம், பருந்து, வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை, பூனை என்று நாலு பேரில் ஒருவர். முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு. உடைந்த ஓடு கிடந்தால் எலியோ காகமோ கீரியோ.

இதிலும் தெரியவில்லை என்றால் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூண்டு வாசலிலும் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு மெல்லிசாகத் தூவிவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். நாலு விரலும் நகக்கீறலும் தெரிந்தால் நாய். நாலு விரல், நகம் தெரியவில்லை என்றால் பூனை. ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி அல்லது மரநாய், நேரம் எது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். சின்னச் சின்னக் காலடிக்கு நடுவே கோடு இழுத்த மாதிரி வால் தடம் போனால் பெருச்சாளியோ எலியோ. வளைந்து வளைந்து ஒரே தடமாய்ப் போனால் சொல்ல வேண்டியதில்லை.

இனி வலைக்கு வருகிறேன். அறுகோணக் கண் வைத்து, கையால் வளைத்தாலே வளைகிற அந்த மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருப்பது உள்ளே வராமல் இருக்க அல்ல. நாய் பல்லால் கடித்து இழுத்தால் கம்பி முறுக்கு பிரிந்து வழிவிடும். ஓரிரண்டு மழைக்காலம் போனால், எச்சத்தின் ஈரம் படுகிற அடிப்பாகத்தில் துருப்பிடித்து விரலால் தொட்டாலே உதிரும். ராத்திரி அடைக்கிற கூண்டுக்கு அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து வெல்டிங் செய்த சதுரக்கண் வலைதான் வேண்டும். ஒரு இஞ்ச் கண் போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். எலி ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டையில் நுழைந்துவிடும். பூனை கையை விட்டு, வலையோரம் அடைந்திருக்கிற கோழியின் காலைப் பிடித்து இழுக்கும். உயிரோடு இருக்கிற கோழிக்குக் கால் மட்டும் இல்லாமல் போகிற கொடுமை இப்படித்தான் நடக்கிறது. அரை இஞ்ச் போட்டாலும் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை செங்கல்லோ பலகையோ தகரமோ வைத்து மறைத்துவிடுங்கள். உள்ளே கோழி தெரியாவிட்டால் நாய்க்கும் பாதி ஆர்வம் போய்விடும்.

மெஷ்ஷைச் சட்டத்தில் அடிக்கும்போது வளைத்த ஆணி மட்டும் போதாது. மரம் காய்ந்தால் ஆணி இளகிக் கழன்றுவரும். ஆறு இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ, அதற்கடியில் அகலமான வாஷர். கட்டுவதற்குக் கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம், அது சீக்கிரம் இற்றுவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்குங்கள்.

தோண்டி வருகிற பிராணிகளுக்கு வேறு வழி. சுற்றிலும் இரண்டடி ஆழம் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கச் சொல்வார்கள். களிமண் தரையில் அது முதுகை ஒடிக்கிற வேலை, தேவையும் இல்லை. நாயும் கீரியும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். இரண்டடி தள்ளி நின்று சுரங்கம் போடுகிற புத்தி அதற்குக் கிடையாது. மூன்றடி அகல மெஷ்ஷை நீளவாக்கில் சரிபாதியாக எல் வடிவில் மடியுங்கள். ஒன்றரை அடி கூண்டுச் சுவரில் ஏறட்டும், ஒன்றரை அடி வெளிப்பக்கம் தரையில் படியட்டும். அதன்மேல் இரண்டு இஞ்ச் மண்ணும் நாலு கல்லும். தோண்ட வந்த கால் கம்பியில் தட்டும், இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டுப் போய்விடும். மூலைகளில் மெஷ் ஒன்றன்மேல் ஒன்று அரையடியாவது ஏறியிருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் அந்த மூலையில்தான் ஓட்டை விழும்.

வலை நன்றாக இருந்தும் கோழி போகிற வீடுகளில் பார்த்தால் குற்றவாளி கதவுதான். கீல் தளர்ந்து கதவு ஒருபக்கம் சாயும், கீழ்மூலையில் இரண்டு இஞ்ச் சந்து விழும். கீரிக்கு அந்தச் சந்து போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். ஒற்றைக் கொண்டி போட்ட கதவை நாய் முட்டினால் அடிப்பக்கம் வளைந்து திறக்கும். கூண்டைப் பரிசோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நல்ல வெயில் நேரத்தில் நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், சின்னக் கூண்டென்றால் தலையையாவது விட்டுப் பாருங்கள். மெஷ் இல்லாத இடத்தில் எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக விழுகிறதோ அங்கெல்லாம் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் எலிக்கு வழி, மூன்று விரல் நுழைந்தால் கீரிக்கு வழி. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இப்படி வெளிச்சம் வராத கூண்டு அபூர்வம்.

சந்து அடைக்கிறேன் என்று நாலு பக்கமும் தகரத்தை வைத்து மூடுகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அந்தக் கூண்டுக்குள் கோழி வெந்தே சாகும். மரநாய்க்குத் தப்பியது தகரத்துக்குத் தப்பாது. மேல் ஓரடிக்கு மெஷ் மட்டும் இருக்கட்டும், காற்று அதன் வழியாகப் போகட்டும். பத்துப் பன்னிரண்டு கோழிக்கு ராத்திரி அடைய நாலுக்கு நாலு அடி தாராளம். அடைகிற கம்பை வலையிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கட்டுங்கள். கூண்டைக் காலில் நிறுத்துவதாக இருந்தால் இரண்டரை அடி உயரத்துக்குக் குறைக்க வேண்டாம், ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கவிழ்த்த புனல் மாதிரி சுற்றிவிட்டால் எலி ஏறாது. கூரைக்கு மேல் தொங்குகிற கிளையை வெட்டாமல் இதையெல்லாம் செய்து பயனில்லை.

சிறுவிடைக் கோழிகள் மரத்தில் அடைந்துகொள்ளும், கூண்டே வேண்டாம் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நாயிடமிருந்து தப்பும், சரி. மரநாய்க்கு மரம்தானே வீடு?

பகல் கதை வேறு. குஞ்சு பொரித்த முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம்தான் வானத்திலிருந்து வருகிற ஆபத்து அதிகம். பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சையும் உள்ளே விடுகிற பழைய வழக்கத்தை மிஞ்சிய பாதுகாப்பு அந்த வயதுக்கு இல்லை. மேலே ஒரு கல்லை வையுங்கள், நாய் புரட்டாது. ஆனால் பஞ்சாரம் பகலுக்குத்தான். மூங்கில் இடைவெளியில் ராத்திரி எலி புகுந்து குஞ்சின் காலைக் கடிக்கும். வெளியே மேய விட்டால் பழைய மீன்வலையை மேலே கட்டுங்கள். சிடி தொங்கவிடுவது, பளபளக்கிற நாடா கட்டுவது எல்லாம் சில நாள் வேடிக்கை, பிறகு காகம் அதன் மேலேயே உட்காரும். வலை கட்ட முடியாத இடத்தில் புதர் வேண்டும். செம்பருத்தி, கறிவேப்பிலை, தாழ்ந்த வாழைக்கன்று என்று எட்டு பத்தடிக்கு ஒரு மறைவு இருந்தால் தாய்க்கோழி குரல் கொடுத்த நொடியில் குஞ்சு ஓடி ஒளிந்துகொள்ளும். துப்புரவாகச் செதுக்கி வைத்த மொட்டைக் கொல்லை பருந்துக்குப் பரிமாறி வைத்த இலை.

அடைக்கோழிக்குத் தனிக் கவனம் வேண்டும். இருபத்தொரு நாள் தீனிக்கும் தண்ணீருக்கும் கொஞ்ச நேரம் இறங்குவது தவிர அது இடத்தை விட்டு நகராது, எது வந்தாலும் முட்டையை விட்டு ஓட யோசிக்கும். அதைத் திண்ணையிலோ விறகடுக்கிலோ விடாமல், கதவுள்ள அறைக்குள் கொண்டுவாருங்கள்.

பாம்புக்குப் பூண்டு, வெங்காயம், பினாயில் என்று தெளிக்கிறார்கள். பாம்பு அதைத் தாண்டிப் போகும். பாம்பு வருவது எலிக்கும் முட்டைக்கும். எலி வருவது சிந்தின தீவனத்துக்கு. சாயங்காலம் தீவனத் தட்டை எடுத்துவிடுங்கள், கம்பையும் நொய்யையும் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், முட்டையை அன்றன்றே எடுங்கள். கூண்டை ஒட்டிச் செங்கல், ஓடு, மட்டை எதையும் குவிக்காதீர்கள். உள்ளே நல்லபாம்பைப் பார்த்தால் தடியைத் தேடாமல் தீயணைப்புத் துறையையோ பாம்பு பிடிக்கிறவரையோ கூப்பிடுங்கள். முட்டை விழுங்கின பாம்பு பல சமயம் வந்த ஓட்டையில் திரும்ப முடியாமல் உள்ளேயே கிடக்கும்.

கடைசியாக, வயலுக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைக்கிற வேலை. அதைத் தின்று சாவது பக்கத்து வீட்டு நாயும், அந்த நாயைக் கொத்தின காகமும், சிலசமயம் நம் கோழியும். கரண்ட் கம்பி இழுப்பதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். கீரி, மரநாய், சாரை, நல்லபாம்பு எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் வழக்கு. சட்டத்தை விடுங்கள், கணக்குப் பாருங்கள்: ஒரு கீரியைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொரு கீரி வரும், அது வருகிற வரைக்கும் எலிக்குக் கொண்டாட்டம். கினிக்கோழி வளர்த்தால் காவல் என்பதும் அரைகுறை உண்மைதான். அது கத்தும், அவ்வளவுதான். கத்தினதும் எழுந்து வர வீட்டில் ஆள் வேண்டும்.

நேரம் மட்டும் தவறக் கூடாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, பொழுது மங்கும்போது தானாக வந்து அடையும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் எண்ணிப் பார்த்துக் கதவை அடையுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் டார்ச்சோடு போய் விறகு இடுக்கிலும் படல் ஓரத்திலும் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் திருட்டுத்தனமாக முட்டை இட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்.