இடையன்குடியைப் பார்க்கச் சொல்லுங்கள்

வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியத்தில் பலன் தெரியாமல் சோர்ந்துபோகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள் ஐயா. திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்கு ஒருதடவை போய்வரச் சொல்லலாம். அயர்லாந்தில் பிறந்த மிஷனெரி கால்டுவெல் அங்கே 1847-இல் கட்ட ஆரம்பித்த தேவாலயம், 1880-இல்தான் பிரதிஷ்டை ஆனது. அந்தத் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) வெயிலில் 33 வருஷம்!

சரி, அவர் வெள்ளைக்காரர் என்பீர்கள். நம்ம வெள்ளாளன்விளை அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையாரே ஊழியம் நடத்துவதைப் பார்த்த உற்சாகம், மறுவருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிவிட்டது. ஹைதராபாத் நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். 1909-இல் அசரியாவே அங்கே போய்விட்டார்.

அப்புறம், அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) வீடியோவை அனுப்பினால் மட்டும் போதாது, தூரத்தில் இருக்கிற ஊழியர்களுக்கு மாசம் ஒரு போனாவது போடுங்கள் என்று சபைகளுக்கும் எழுதுங்கள்.